பதினொரு குறைகள்

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு குறை சொன்னதற்காகக் கிடைத்தது. பத்து வயதில், திருகோணமலையில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, ஒரு படத்தில் பதினொரு பிழை பிடித்த கெட்டிக்காரி என்று சொல்லி, திமிங்கிலம் அச்சடித்த ஒரு புத்தகப் பையைக் கையில் தந்தார்கள். அந்தப் பையின் வார் மூன்று மாதத்தில் அறுந்துபோனது. குறை பிடிக்கும் குணம் மட்டும் இன்றைக்கும் அறவில்லை. இப்போது அதையே தொழிலாக்கி ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். மற்றவர்களின் பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டால் சம்பளம் தருகிறார்கள்.

அந்த வருஷம் எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. இலங்கையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பிள்ளையைப் பிடித்து ஒரு வருஷம் கதிரையில் இருத்தி, இந்தப் படத்தில் எத்தனை முக்கோணம் இருக்கிறது, இந்த ஆறு மீன்களில் அச்சொட்டாக ஒரேமாதிரி இருக்கும் இரண்டு எவை, இந்தக் கூட்டத்தில் சேராதது எது என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பரீட்சைக்கான ஆயத்தம். நான் அதில் புலி. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் சாமியைப் பார்க்காமல் கோபுரத்தில் ஒரேமாதிரி நிற்கும் பொம்மைகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். அம்மாவுக்கு அதில் பெருமை. பெரியம்மாவுக்குச் சிரிப்பு.

படம் எங்கள் வீட்டுக்கு வந்தது சித்தப்பா வழியாக. அப்பாவின் தம்பியான அவர் கொழும்பில் கணினியில் படம் கீறும் வேலையில் இருந்தார். அவருடைய கந்தோரில் பல வருஷமாக ஒரு முழுநீளக் கார்ட்டூன் படம் தயாராகிக்கொண்டிருந்தது. கதை எங்கள் ஊரில், முன்னொரு காலத்தில் நடக்கிறது. பாதி சரித்திரம், பாதி கற்பனை. எதிரிக் கப்பல்கள் திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடிக்க வருகின்றன. ஓர் இளவரசி, கடலுக்கடியில் ஆயிரம் வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கும் திமிங்கிலத்தைப் பாட்டுப் பாடி எழுப்பி, துறைமுக வாயிலில் குறுக்கே படுக்க வைக்கிறாள். சித்தப்பாவுக்கு இளவரசியையும் கொடுக்கவில்லை, திமிங்கிலத்தையும் கொடுக்கவில்லை. கூட்டத்தைக் கொடுத்திருந்தார்கள். சந்தையில் போகிறவர்கள், அரசவையில் சும்மா நிற்கிறவர்கள், துடுப்பு வலிக்கிறவர்கள், கடைசியில் கரையில் நின்று ஆரவாரம் செய்கிறவர்கள் எல்லோரும் அவர் கீறியவர்கள். "பின்னாலை நிக்கிற சனம் முழுக்க என்ரை ஆக்கள்" என்று சொல்லிக்கொள்வார்.

கொழும்பில் வெளியிட முதல், கதை நடக்கும் ஊரிலேயே இரண்டு தரம் போட்டுக்காட்டி, சனத்தின் அபிப்பிராயம் கேட்டு, திருத்த வேண்டியதைத் திருத்துவதாக ஏற்பாடு. சனிக்கிழமை பின்னேரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று. படம் வெளியே போய்விடும் என்ற பயத்தில் மண்டப வாசலிலேயே எல்லோருடைய கைப்பேசிகளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். மேலே பெயர், வயது, விலாசம். கீழே நட்ட நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் நிறைகள், வலப்பக்கம் குறைகள். மிகச் சிறந்த விமர்சனத்துக்குப் பரிசு உண்டு என்று அடியில் போட்டிருந்தது. எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அப்பா, அம்மா, பெரியம்மா, நான் என்று நான்கு பேர் போயிருந்தோம். பெரியம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் அப்பாவின் அண்ணனின் மனைவி, பிள்ளைகள் இல்லை, அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெரியப்பா வெளிநாட்டில் இருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். எந்த நாடு என்று கேட்டால் அம்மா ஒரு நாள் பிரான்ஸ் என்பார், மறந்துபோய் இன்னொரு நாள் சுவிஸ் என்பார். அத்தனை பெரிய நாடுகளில் இருந்துகொண்டு ஒரு சொக்லேட்கூட அனுப்பாத மனிதர் மேல் எனக்கு நல்ல கோபம் இருந்தது. பெரியம்மா மாதத்தில் ஒரு நாள் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போய்வருவார். விசா அலுவல் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன்.

உண்மை எனக்குப் பதினாறு வயதில்தான் சொல்லப்பட்டது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு நாள் காலை துறைமுகத்தில் வேலைக்கென்று சைக்கிளில் புறப்பட்ட பெரியப்பா திரும்பி வரவில்லை. வழியில் மறித்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். பிறகு அவரே, தான் அப்படிச் சொல்லவில்லை என்றார். வீட்டு அல்பங்களை அதற்கு முன்பே, நாங்கள் உப்புவெளியில் கடலோரம் இருந்தபோது, சுனாமி கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு அடையாள அட்டைக்கென்று எடுத்த ஒரேயொரு படத்தைப் பெரியம்மா முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தார். கொடுத்த இடத்தில் அதுவும் தொலைந்தது. ஆகவே பெரியப்பாவின் முகம் எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் கடதாசியில்கூட இல்லை. சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாய்விட்டுவிடும் என்ற பயத்தில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை வீட்டில் எல்லோரும் சேர்ந்து செய்தார்கள். அந்தச் சோற்றை நான் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சந்தை வந்தது. கருவாட்டுக் கடையைத் தாண்டி ஒருவன் நடந்துபோனான். தலை இடப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தது. ஒரு காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, அவசரமில்லாமல் நடந்தான். திரையின் ஓரத்தில் சின்ன உருவம். இளவரசி முன்னால் பேசிக்கொண்டிருந்ததால் அவனைப் பார்க்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்தார். அப்பா திடீரென்று எழும்பி வெளியே போனார். அப்பாவுக்குப் படம் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். பெரியம்மா மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார்.

அடுத்த காட்சியில் அரசவை. மந்திரிக்குப் பின்னால் அதே ஆள், அதே சரிந்த தலை. எனக்கு உடம்பெல்லாம் உசாரானது. அச்சொட்டாக ஒரேமாதிரி இருப்பதைக் கண்டுபிடி என்று ஒரு வருஷமாகப் பழக்கப்படுத்தப்பட்ட கண்கள் அல்லவா. அதற்குப் பிறகு இளவரசியை யார் பார்த்தார்கள்? கப்பல் கட்டும் தச்சர்களுக்குள் அவன் நின்றான். கோயில் திருவிழாவில் தீவட்டி பிடித்தான். ஊரை விட்டு ஓடுகிறவர்களோடு ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். எல்லாவற்றுக்கும் உச்சமாக, எதிரிக் கப்பலில் துடுப்பு வலிக்கிறவர்களிலும் இருந்தான். விரல் மடித்து எண்ணினேன். பதினொரு இடம்.

விளக்குப் போட்டதும் முதலில் என் கொப்பியில் பட்டியலை எழுதினேன். எதையும் முதலில் கொப்பியில் எழுதிச் சரிபார்த்துவிட்டுத்தான் விடைத்தாளில் எழுத வேண்டும் என்பது எங்கள் ரீச்சரின் கட்டளை. பிறகு படிவத்துக்கு மாற்றினேன். நிறைகள் பக்கத்தில் மனமில்லாமல் மூன்று வரி. கடலின் நிறம் நல்லது. திமிங்கிலத்தின் கண் நல்லது. மான்கள் எங்கள் ஊர் மான்களைப் போலவே குப்பைக்குள் வாய் வைக்கின்றன. குறைகள் பக்கம் நிரம்பி வழிந்தது. ஒரே ஆளைப் பதினொரு இடத்தில் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள், அவன் இளவரசியின் ஆளா எதிரியின் ஆளா என்று முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று எழுதி, பதினொரு இடங்களையும் இலக்கமிட்டு, மண்டபத்திலேயே முதல் ஆளாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மண்டபம் முக்கால்வாசி வெறுமையாகியிருந்தது. பெரியம்மா இன்னும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"நாளைக்கும் போடுவினம் என்ன?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது, என் திறமையைச் சித்தப்பாவிடமே காட்டினால்தான் மனம் ஆறும்போல இருந்தது. அவர் படத்தோடு கொழும்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். "சித்தப்பா, ஒரே ஆளை ஏன் பதினொரு இடத்திலை கீறினனீங்கள்? கீறிக் கீறிக் களைச்சுப் போனீங்களோ?" என்றேன்.

பகிடி விட்டால் முதலில் சிரிப்பவர் சித்தப்பா. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்டோ?" என்றார் பெரியம்மா மெதுவாக. "நான் ஆறுதான் கண்டனான்."

அவர் எனக்குப் போட்டியாக எண்ணியிருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். ஐந்து இடங்களை விட்டுவிட்டார் என்பதில் ஒரு சின்னச் சந்தோஷமும். சித்தப்பா பெரியம்மாவைப் பார்த்து ஏதோ குற்றம் செய்தவர் மாதிரிப் பேசினார். "அண்ணி, நீங்கள் எத்தினை தரம் கேட்டனீங்கள், ஒரு படம் கீறித் தா எண்டு. தனியக் கீற இருந்தால் வருகுதில்லை. சத்தியமா ஏலாமல் கிடந்தது. கூட்டத்திலை நூறு பேரைக் கீறேக்குள்ளை மட்டும் கை தன்ரை பாட்டிலை கீறிப்போடுது. பிறகு அழிக்க மனம் வரேல்லை."

"அந்தத் துண்டை மட்டும் பெருசாக்கி எடுக்க ஏலாதோ?" என்று அம்மா கேட்டார்.

"கந்தோரிலை பெருசாக்கிப் பாத்தனான். வெறும் நாலு கோடுதான் நிக்குது. நடக்கேக்குள்ளைதான் ஆள் வருது. அங்கையிருந்து ஒரு துண்டும் வெளியிலை கொண்டுவர விடமாட்டினம். படம் வெளியிலை வந்தால் ஆரும் பாக்கலாம், அதுதான் பேசாமல் இருந்தனான்."

நான் இந்தச் சம்பாஷணையைச் சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாட்டு என்றே விளங்கிக்கொண்டேன். கை தன்பாட்டில் பிழையான விடை எழுதிவிட்டது என்று நான் சொன்னால் ரீச்சர் விடுவாரா? பெரியவர்களுக்கு மட்டும் ஒரு நியாயம். ஆகவே, படிவத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாயிற்று என்றேன்.

"குடுத்திட்டியோ?" அம்மா தலையில் கை வைத்தார்.

"ஓம். முதலாவதாக் குடுத்தனான்."

சித்தப்பா என்னைக் கோபிக்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்தே சொன்னார். "அதை வாசிச்சால் மாத்தச் சொல்லுவினம் அண்ணி. பிள்ளை எழுதினது பிழையில்லைத்தானே. ரெண்டு பக்கத்திலையும் ஒரே ஆள் நிண்டால் படத்துக்குக் கூடாது."

ஆர் எண்டு சொல்லிப் பார்த்தால் என்ன என்று அம்மா கேட்டார். சித்தப்பா தலையாட்டினார். ஆர் எண்டு தெரிந்தால் பயத்தில் இன்னும் கெதியாக எடுத்துப்போடுவார்கள் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீறிய ஆளுக்கே பெயர் தெரிந்திருக்க, மற்றவர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லம் எண்டு ஆராவது எழுதிக் குடுத்தால் விடுவினமோ?"

"ஒராள் நிறை எண்டும் ஒராள் குறை எண்டும் சொன்னால் யோசிப்பினம்தான்" என்றார் சித்தப்பா.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு என்னோடை வாறீங்களோ பிள்ளை? நான் விட்டதுகளை எனக்குக் காட்டுங்கோ."

பெரியம்மா என்னை நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்த நீங்கள் எனக்கு ஒரு பதவி கிடைத்தது போல இருந்தது.

ஞாயிறு காலை அவர் கல்யாண வீட்டுக்கு உடுக்கும் சேலையை உடுத்திக்கொண்டு வந்தார். படம் பார்க்க எதற்கு இந்தச் சேலை என்று கேட்டேன். வெளியில் எடுத்துக் கனகாலம் என்றார். அப்பாவும் அம்மாவும்கூட வந்தார்கள். மண்டபத்தில் பெரியம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். அவன் வரும்போதெல்லாம் அவருடைய விரலை நான் அமத்த வேண்டும் என்று ஒப்பந்தம். சந்தையில் அமத்தினேன். அரசவையில் அமத்தினேன். தச்சர்கள் கூட்டத்தில் அமத்தினேன். அது அவர் விட்ட ஐந்தில் ஒன்று. ஒவ்வொரு தரமும் அவர் மூச்சை உள்ளே இழுத்து, ஆள் திரையை விட்டுப் போன பிறகுதான் விட்டார். அவருடைய கை வியர்த்து வழிந்தது. என் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். எதிரிக் கப்பல் வந்தபோது நான் அமத்த முதலே, "இஞ்சையும் இருக்கிறார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு கேலிச்சித்திரத் துடுப்புக்காரனுக்கு என்ன மரியாதை என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கடை கொப்பியை ஒருக்காத் தாங்கோ" என்றார். கொடுத்தேன். பட்டியலைப் பார்த்துப் பார்த்து, அழகான உருண்டை எழுத்தில், நேரமெடுத்து எழுதினார். நான் என் குறைகளுக்கு ஒரு சாட்சி கிடைத்த திருப்தியில் பணிசும் தேத்தண்ணியும் கொடுக்கும் இடத்துக்குப் போய்விட்டேன். அவர் கோட்டின் எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து எல்லோரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். இயக்குநர் கொழும்பிலிருந்து வந்த மெலிந்த மனிதர், நல்ல சிரிப்பு. கையில் ஒரு கட்டுப் படிவங்களோடு மேடையில் நின்று சிலவற்றை வாசித்தார். ஊர்ச் சனம் அவரைச் சும்மா விட்டிருக்கவில்லை. கந்தளாய்க்காரர் ஒருவர், இளவரசி துறைமுகத்திலிருந்து ஒரு பாட்டு முடிய முதல் குதிரையில் கந்தளாய்க் குளத்துக்கு வந்துவிடுவதாகவும், தான் அன்றைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுகொண்டு வந்ததாகவும் எழுதியிருந்தார். கிண்ணியாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர், பழங்காலச் சந்தையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் வாளி இருப்பதைக் கண்டுபிடித்து, அதன் விலையையும் கேட்டிருந்தார். உப்புவெளியிலிருந்து ஒருவர், எங்கள் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது, படத்தில் கடலுக்குள் மறைகிறதே என்று கேட்டிருந்தார். அதை வாசித்ததும் நடு வரிசையில் ஒருவர் எழும்பி, "உள்துறைமுகப் பக்கம் பின்னேரம் வந்து பாரும், தண்ணிக்கு மேலாலைதான் இறங்குது" என்றார். உப்புவெளிக்காரரும் எழும்பினார். சூரியன் எங்கே மறைகிறது என்று ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பேர் சண்டை பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள் என்பது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. பரீட்சையில் ஒரு விடைதானே சரியாக இருக்க முடியும்.

அதற்குப் பிறகு இயக்குநர் என் பெயரை வாசித்தார். மேடைக்குப் போனேன். பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாததை இந்தப் பிள்ளை கண்டிருக்கிறது, எங்களுடைய ஆட்களுக்கே தெரியாது, பதினொரு இடத்தையும் கொழும்புக்குப் போனவுடன் திருத்துவோம் என்று சொல்லிப் பையைத் தந்தார். கைதட்டல். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஆனால் ஒரு புதினம்" என்றார் அவர், இன்னொரு படிவத்தைத் தூக்கிப் பிடித்து. "இதே பதினொரு இடங்கள், இதே வரிசை. இந்த ஆள் வரும் இடமெல்லாம் நல்லாயிருக்கிறது, அப்படியே விடுங்கள் என்று நிறைகள் பக்கத்தில் எழுதியிருக்கிறது. விலாசமும் ஒன்றுதான். யாரைப் பார்த்து யார் எழுதினது?"

சனம் சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. பார்த்தெழுதுவதைவிடப் பெரிய குற்றம் என் உலகத்தில் இருக்கவில்லை. அந்தப் பழி என் மேல் விழப்போகிறது என்ற பயத்தில், அவர் கையில் இருந்த ஒலிவாங்கிக்குள் வாயை வைத்துச் சொன்னேன். "பெரியம்மாதான் என்னைப் பாத்தெழுதினவ. அதுவும் பிழையான பக்கத்திலை எழுதிப்போட்டா!"

மண்டபம் அதிரும்படி சிரித்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு அந்தச் சிரிப்புக் கேட்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. சிரிக்காதவர்கள் நான்கு பேர். அப்பா வாசலுக்கு வெளியே பார்த்தார். அம்மா குனிந்துகொண்டார். சித்தப்பா மேடைக்கு ஓரமாகச் சுவரோடு நின்றார். பெரியம்மா அந்தக் கல்யாணச் சேலையோடு எழும்பி நின்றார், பெரியம்மா யார் என்று இயக்குநர் கேட்டதால்.

"சொல்லுங்கள் அம்மா, ஏன் இதை நிறை என்று எழுதினீர்கள்?" அவர் நல்ல மனிதர், மரியாதையாகவே கேட்டார்.

இப்போது கணக்குப் பார்த்தால், பெரியம்மாவுக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் பின்வரிசைகளில் யார் யார் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், புதுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியப்பா சுவிஸிலோ பிரான்ஸிலோ இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு நான் நின்றேன். பெரியம்மா அந்த மேடையில் வேறு ஒருவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பிள்ளை எழுதினதுதான் சரி" என்றார். "நான் பக்கம் மாறி எழுதிப்போட்டன்."

"அப்படியென்றால் மாற்றிவிடலாம்தானே?"

"ஓம். மாத்துங்கோ."

இயக்குநர் அந்தப் படிவத்தில் ஏதோ குறித்து, கட்டுக்குள் செருகினார். அவ்வளவுதான். அடுத்து நீல வாளிக்காரருக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

நான் பெரியம்மாவோடு பேசாமல் விட்டேன். என் கொப்பியை நம்பிக் கொடுத்தேன், அதைப் பார்த்து எழுதி, பிழையாகவும் எழுதி, சபையில் என்னைச் சந்திக்கு இழுத்துவிட்டார் என்பது என் வழக்கு. அவர் சாப்பாடு போட்டால் வாங்கமாட்டேன், அம்மா போட வேண்டும். தலை பின்னவும் அம்மா. வீட்டில் ஒருவரும் என்னைப் பேசவில்லை, ஏசவில்லை. எல்லோரும் என்னிடம் வழமையைவிட அன்பாக இருந்தார்கள். அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. பரிசு வாங்கிய பிள்ளையின் வீட்டில் ஏன் செத்த வீட்டுக் களை? பையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன், எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், வீட்டுக்கு வந்தால் அதை ஒருவரும் பார்ப்பதாக இல்லை.

அடுத்த கிழமை சித்தப்பா கொழும்பிலிருந்து பெரியம்மாவுக்கு அழைப்பு எடுத்தார். பெரியம்மா குசினி வாசலில் நின்று கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் குரல் வெளியே கேட்கவில்லை. "ஓம்... பதினொண்டுமோ... ஓம்... நீரே செய்தீரோ... அழாதையும் தம்பி, பரவாயில்லை, அது உம்மடை வேலைதானே" என்று பெரியம்மா சொன்னது மட்டும் கேட்டது. அந்தப் படத்தைப் பல வருஷம் கழித்து நானும் பார்த்தேன். பதினொரு இடத்திலும் பதினொரு வேறு வேறு ஆட்கள். எல்லோருடைய தலையும் நேராக இருக்கிறது. சூரியன் மறைகிற இடத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. நல்ல படம்தான்.

அன்றைக்குப் பின்னேரம் நான் நிலத்தில் இருந்து கடந்தகால வினாத்தாள் ஒன்று செய்துகொண்டிருந்தேன். பெரியம்மா ஒரு மாம்பழத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் சேலையை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்தார். நான் நிமிரவில்லை.

"பிள்ளை, நான் செய்தது பிழை" என்றார். "உங்கடை கொப்பியைப் பாத்து எழுதியிருக்கக் கூடாது. அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உங்களுக்கு வெக்கமாப் போச்சு. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஒரு பெரியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. ஆனாலும் அவசரப்பட்டுவிடக் கூடாது என்று, கையில் இருந்த கேள்வியை முடித்து, விடைக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன். ரீச்சர் பார்த்தெழுதினவர்களிடம் கேட்கும் குரலில், இனிமேல் இப்படிச் செய்வீர்களா என்று கேட்டேன்.

"இல்லை, இனிச் செய்யமாட்டன்."

"சரி, மன்னிச்சிட்டன்" என்று சொல்லி, ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்து நானே அவருடைய வாயில் வைத்தேன். அவர் அதை வாயில் வைத்தபடியே என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழத் தொடங்கினார். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, எங்களைக் கண்டுவிட்டு, வாசலிலேயே நின்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். நான்தான் மன்னித்துவிட்டேனே, பிறகும் பெரியம்மா ஏன் அழுகிறார் என்று கேட்டேன்.